சிலுவைக்குச் சட்டை போட்டவர்கள்

என் அருமை நேசன் அண்ணாவுக்கு,

உன்னுடைய அந்த ஜெர்மன் துறவி வேளாண்மைக்காரரைக் காட்டிக்கொடுத்தவர். ஐந்நூறு வருடத்துக்கு முந்திய கதை என்று சொல்லி நீ தப்ப முடியாது. சுமை தாங்காமல் எழும்பிய குடியானவர்களிடம், கிறிஸ்தவனுக்கு உரியது சிலுவை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர்களை அடக்க வந்த பிரபுக்களிடம் வாளை எடுங்கள் என்றார். இரண்டையும் சொன்னது ஒரே வாய்.

நாம் கடைசியாகப் பேசியது இதைப் பற்றித்தான். நீ வட்டைக்கு, வயல் காவலுக்குப் புறப்பட்டு நின்றாய். மோட்டார் சைக்கிளில் யானைவெடிப் பை தொங்கியது. ஒரு கால் நிலத்தில், மறு கால் கிக்கரில். நான் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு, பதில் சொல்லாமல் விடமாட்டேன் என்று நின்றேன். "விடு புள்ள, இருட்டப்போகுது. நல்ல மறுமொழி ஒண்டு இரிக்கி. மறுகா வந்து சொல்றன்" என்றாய்.

நம் ஊரில் மறுகா என்றால் பிறகு. ஒரு வருடம் தாண்டிவிட்டது. அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.

"செத்தவனோடயும் சண்டை பிடிக்கிறாள்" என்று அம்மா சொல்கிறா. ஓம், பிடிக்கிறேன். இரண்டே வயது மூத்தவனை நீ என்று அழைத்து வளர்ந்தவள் நான். இனிமேலா மரியாதை வரப்போகிறது?

உன்னைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள். ஆகவே உன்னைப் பற்றிக் கொஞ்சம் உனக்கே சொல்கிறேன், சிரிக்காதே. வெல்லாவெளிப் பக்கத்து வட்டையொன்றில் நீ நெல் செய்தாய். சனிக்கிழமைகளில் டவுனுக்குப் போய் இறையியல் படித்தாய். போதகர் ஐயா வராத ஞாயிறுகளில் நம் சின்னத் தகரக் கூரைக் கோயிலில் நீதான் பிரசங்கம். குரல் நன்றாக இருக்கும், பாட்டு மட்டும் வராது. அறுவடைக்குக் கொஞ்சம் முன்பு, காவலுக்குப் போன இடத்தில் யானை அடித்து இறந்தாய். காட்டோரம் நெடுக மின்சார வேலி இருந்தது. அதில் மழை தொடங்கியதிலிருந்து மின்சாரம் இல்லை. அது எல்லாருக்கும் தெரியும். யானைக்கும் தெரியும்.

அடக்க ஆராதனையில் எல்லாரும் அம்மாவிடம் ஒரே வசனத்தைச் சொன்னார்கள். தேவ சித்தம். கையைப் பிடித்துச் சொன்னார்கள், கட்டிப்பிடித்துச் சொன்னார்கள், தேத்தண்ணிக் கோப்பையோடும் சொன்னார்கள். அன்றிலிருந்து அம்மா ஜெபம் பண்ணவில்லை. கோயிலுக்கு வருவா, எழும்புவா, இருப்பா. பாட்டு வந்தால் வாயை மூடிக்கொள்வா. எல்லாருக்கும் ஒரு அடி முன்னால் ஓடி, சுருதி தப்பி, சபையையே இழுத்துக்கொண்டு போன அதே வாய்.

உன் பிரசங்கம் ஒன்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடவுளை மகிமைக்குள் தேடுகிறவனும் உண்டு, சிலுவையில் தேடுகிறவனும் உண்டு என்று அந்தத் துறவி பிரித்ததாகச் சொன்னாய். முதல் ஆள் வெற்றியையும் பலத்தையும் காசையும் கண்டால் அங்கே கடவுள் என்பான். தோற்றவனைக் கண்டால் அவனிடம் என்னவோ பாவம் என்பான். இரண்டாம் ஆளுக்குத் தெரியும், கடவுள் தன்னை ஒளித்துவைத்தது ஊர் சிரிக்கிற இடத்தில், அடிபட்ட உடம்பில். ஆகவே அவனுக்கு எதையும் மெழுகிப் பூசத் தேவையில்லை. கெட்டதைக் கெட்டது என்று சொல்ல அவனால் முடியும்.

பிறகு ஆதாரத்துக்கு நம்முடைய வட்டையை இழுத்தாய். "வெள்ளம் வந்து வேளாண்மை போனா, வெள்ளம் வந்து போச்சு எண்டு சொல்லுங்க. ஆசீர்வாதம் எண்டு சொல்லாதீங்க. ஆண்டவருக்கு முகஸ்துதி வேணாம்." சபைச் செயலாளர் மாமா மூன்றாம் வரிசை வாங்கிலிருந்து செருமினார். நீ அவரைப் பார்த்தே அடுத்த வசனத்தைச் சொன்னாய். "சிலுவையில பலி ஒருதரம் நடந்து முடிஞ்சிது. இனி நாங்க படுற பாட்டில யாருக்கும் புண்ணியம் சேராது. பாடு பாடுதான்."

நான் கடைசி வரிசை வாங்கில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தேன். நான் கோயிலுக்கு வந்ததே பாட்டுக்கும், பிறகு கிடைக்கும் தேத்தண்ணிக்கும்தான் என்று உனக்குத் தெரியும். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் வரலாறு படித்துப் பட்டம் வாங்கி, வீட்டில் இருந்து கோழி துரத்துகிறவளுக்குக் கடவுளோடு என்ன பெரிய உறவு இருக்க முடியும்? ஆனால் அந்தப் பிரசங்கம் என் தலைக்குள் தங்கிவிட்டது. அதனால்தான் வளாக நூலகத்தில் அந்தத் துறவியைத் தேடினேன். தேடியதால்தான் குடியானவர்களின் கதை அகப்பட்டது. என் குற்றம் இல்லை.

இனி இங்கத்தைச் செய்தி.

கனடாவிலிருந்து சித்தப்பா உனக்குக் கல்லறைக் கல் செய்விக்கிறார். கறுப்புக் கிரனைட். அதில் சிலுவை, சிலுவைக்குப் பின்னால் ஒளிக்கதிர், கதிருக்குள் புறா, புறாவுக்குக் கீழே நீ. மாதிரிப் படத்தைப் போனில் அனுப்பியிருந்தார். அண்ணா, உனக்குக் கோட்டும் டையும் போட்டுவிட்டார்கள். ஸ்டூடியோக்காரன் உன் அடையாள அட்டைத் தலையை வெட்டி, யாரோ ஒரு தடித்த மனிதனின் கோட்டுக்கு மேலே வைத்திருக்கிறான். உனக்குக் கழுத்தே இல்லை. தோள் மட்டும் கல்முனை டவுன் வரைக்கும் போகிறது.

செத்தவருக்குக் கோட்டுப் போடுவது நம் ஊர் வழக்கம் என்று எனக்குத் தெரியும். உன் அஞ்சலிப் பதாகையிலும் அதே கோட்டுத்தான். பின்னால் பனிமலை வேறு. வெல்லாவெளிச் சந்தியில் பனிமலை! வயலில் நின்றவன் வயலில் நின்ற கோலத்தோடு சாமியிடம் போனால் குடும்பத்துக்கு என்ன குறை? உன் துறவி இந்த ஸ்டூடியோவைப் பார்த்திருந்தால், அன்று போலவே கோயில் கதவில் இன்னொரு வாதப் பட்டியலை ஆணியடித்திருப்பார்.

கோட்டைக்கூடப் பொறுத்திருப்பேன். கீழே இருந்த வசனத்தைப் பொறுக்க முடியவில்லை. "தேவ சித்தப்படி மகிமைக்குள் அழைக்கப்பட்டார்." அம்மா போனை வாங்கிப் பார்த்தா. திருப்பித் தந்துவிட்டு, கிணற்றடிக்குப் போய் ஏற்கெனவே கழுவிய சட்டியை மறுபடி கழுவினா. அந்த வசனத்தைக் கல்லில் வெட்டினால் அம்மா உன் கல்லறைக்கே போகமாட்டா என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூட்டம் வைத்தார்கள். உன் ஞாபகார்த்த ஆராதனைக்கு முன்பே கல்லைத் தீர்மானிக்க வேண்டுமாம். நான் எழும்பி, யானை அடித்து இறந்தான் என்று எழுதுவோம் என்றேன்.

செயலாளர் மாமா கண்ணாடியைக் கழற்றினார். "யானை எண்டெல்லாம் எழுதவேணாம் புள்ள. கல்லறைக்கு ஒரு மரியாத இரிக்கி."

"அப்ப அவன் எப்பிடி மாமா செத்தான்?"

"கர்த்தர் எடுத்துக்கொண்டார்."

"தும்பிக்கையாலயா?"

போதகர் ஐயா பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு உயர்த்திக்கொண்டார். புத்தகம் குலுங்கியது.

"வேலியில கரண்ட் இல்ல எண்டும் சேர்த்து எழுதுவம்" என்றேன்.

"அது அரசியல்" என்றார் மாமா.

"கர்த்தர் எடுத்தார் எண்டுறதும் அரசியல்தான். வேலிக்குப் பொறுப்பான கந்தோரில இரிக்கிறவங்களுக்கு அதவிட நல்ல வசனம் கிடைக்குமா?"

ஐயா புத்தகத்தை இறக்கினார். "தங்கச்சி, கல்லறை பத்திரிகை இல்லயே."

"பொய் எழுதுற பலகையும் இல்லயே ஐயா."

கூட்டம் ஜெபத்தோடு கலைந்தது. வழக்கம்போல ஒன்றும் தீரவில்லை.

அந்த வாரமே மாமா வெயிலில் வியர்த்து வீட்டுக்கு வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "உங்கட வட்டைக்க போய்ப் பாருங்க. அந்தத் தங்கராசா சிலுவைய கிளி விரட்டுற வெருளியாக்கி வச்சிரிக்கான்" என்றார். தங்கராசா அண்ணனை உனக்குத் தெரியாதா? உன் வரம்புக்கு அடுத்த வரம்புக்காரர். உன்னை முதலில் தூக்கியது அவர்தான். அம்மாவும் நானும் போனோம். நீ போனபிறகு அம்மா வட்டைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கதிர் சாய்ந்து நின்றது. நல்ல விளைச்சல், உனக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

நீ விழுந்த வரம்பில் ஒரு சிலுவை நின்றது. காட்டுக் கம்பு இரண்டு, நைலோன் கயிற்றுக் கட்டு, கொஞ்சம் சரிவு. அதற்கு உன் நீலக் கட்டம் போட்ட சட்டை. குறுக்குக் கம்பில் கை இரண்டையும் நுழைத்து, பொத்தான் எல்லாம் பூட்டி, கழுத்தில் செவ்வரத்தம்பூ மாலை வேறு. அடியில் கற்பூரம் எரிந்த கரி.

தங்கராசா அண்ணன் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார். "அக்கா, கோவிக்காதீங்க. உங்கட ஆக்களுக்குச் சிலுவைதானே வைக்கிற எண்டு வச்சன். மறுகா பாத்தா வெறும் கம்பா நிக்கிது. மாதா கோயில்ல பாத்திரிக்கன், அதில ஆள் இரிக்கிறார்தானே? இதில ஆளில்ல. எனக்கு மனம் கேக்கல்ல. தம்பிட சட்ட பரண்ல தொங்கிச்சு. போட்டுட்டன்." பிறகு ஒரு நன்மையையும் சேர்த்துக்கொண்டார். "இப்ப கிளியும் வாறல்ல."

நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து கதிரைப் பார்த்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினால், அம்மா சிரிக்கிறா. வாயைப் பொத்திக்கொண்டு, வயிறு குலுங்க.

"உசிரோட இரிக்கக்குள்ளயும் இவன் இப்பிடித்தான் கோணலா நிப்பான்" என்றா. கிட்டப் போய் மடிந்திருந்த கொலரை நிமிர்த்திவிட்டா. அந்தக் கையை எடுக்க அவவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பின்னேரம் மாமா மறுபடி வந்து சிலுவையைக் கழற்றச் சொன்னார். "நாங்க வெறும் சிலுவை வைக்கிறதுக்கு ஒரு காரணம் இரிக்கி. அவர் உயிர்த்திட்டார். அதில ஆளும் இல்ல, சட்டயும் இல்ல." நியாயமான பேச்சுத்தான். ஆனால் என் வாய் என்னைக் கேட்கவில்லை. "மாமா, முதல்ல பழைய சபையோட போராடின துறவி சிலுவையில இருந்த உடம்பைக் கழட்டச் சொல்லயில்ல. பின்னால வந்த ஆக்கள்தான் கோயில் கோயிலாச் சுரூபத்த இறக்கிச் சுவருக்கு வெள்ள அடிச்சாங்க. கடவுள் மறைஞ்சிரிக்கிற இடம் சிரிப்புக்கிடமான இடம் எண்டு அவர் படிப்பிச்சார். வரம்பில நிக்கிற வெருளியவிடச் சிரிப்பான இடம் எங்க இரிக்கி?"

சொல்லி முடிந்த பிறகுதான் விளங்கியது, நான் உன்னுடைய பிரசங்கத்தைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன். விசுவாசமே இல்லாத நான்! நீ எங்கிருந்தோ பல்லைக் காட்டியிருப்பாய். மாமா என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிடக் கவலைதான் கூட. "நீ அவன்மாரியே கதைக்கிறாய்" என்று சொல்லிவிட்டுப் படலையைச் சாத்தாமலே போனார்.

அடுத்த நாள் அம்மா சேலை மாற்றிக்கொண்டு போதகர் ஐயாவின் வீட்டுக்குப் புறப்பட்டா. நான் பின்னால் போனேன். பேசாதே என்று என்னிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டா.

"ஐயா, என்ட மகன் கோட்டுப் போட்டதில்ல. வட்டையில நிக்கிற சட்டைதான் அவன். அந்தப் படம் வேணாம்." ஐயா சரி என்பதற்குள் அடுத்ததைச் சொன்னா. "சித்தம் எண்ட சொல்லையும் எடுத்திடுங்க. ஒரு வருசமா அந்தச் சொல்லோட படுக்கிறன் ஐயா. அவர்தான் கொன்றார் எண்டா, அவர்கிட்டயே நான் எப்பிடி ஜெபம் பண்ணுற?"

ஐயா இளம் ஆள். நல்லவர். ஏதோ வசனம் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடினார். அவர் செய்த பிரசங்கங்களில் அதுதான் சிறந்தது.

"என்ன எழுதலாம் அம்மா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சத எழுதுங்க. யானை அடிச்சுச் செத்தான். தெரியாதத எழுதவேணாம்."

சித்தப்பாவிடமும் அம்மாதான் போனில் பேசினா. "ஊர் சிரிக்குமே அண்ணி?" என்று அங்கிருந்து சத்தம். "சிரிக்கட்டும் தம்பி. அவனும் சேந்து சிரிப்பான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டா.

ஆகவே அண்ணா, உன் கல்லறையில் கிரனைட் இல்லை. மேசன் வார்த்த சீமெந்துச் சிலுவை, வெள்ளைப் பூச்சு, புறா இல்லை. ஈரம் காயுமுன் ஆணியால் எழுதியது இவ்வளவுதான்: நேசன். யானை அடித்து இறந்தான். வேலியைப் பற்றிய வரிக்கு, மறுபடி வைத்த கூட்டத்தில் என் கையைத் தவிர வேறு கை எழும்பவில்லை. தோற்றுப்போனேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

ஞாபகார்த்த ஆராதனைக்கு வட்டைக்காரர் எல்லாரும் வந்தார்கள். தங்கராசா அண்ணன் வாழைப்பழச் சீப்பில் ஊதுபத்தியைக் குத்தி உன் தலைமாட்டில் வைத்தார். செயலாளர் மாமா வானத்தைப் பார்த்துக்கொண்டார். முதல் பாட்டுத் தொடங்கியது. இரண்டாம் அடியை எல்லாரும் எடுக்குமுன் ஒரு குரல் மூன்றாம் அடிக்குப் போய்விட்டது. சுருதி எங்கேயோ காட்டுப்பக்கம். ஐயா பாட்டை நிறுத்தவில்லை, துரத்திப் பிடித்தார். சபை முழுக்க அம்மாவுக்குப் பின்னால் ஓடியது. நான் பாடவில்லை. பாட முடியாமல் இருந்தது. காரணம் கேட்காதே.

பிறகு ஒரு நாள் வேலிக்குக் கரண்ட் கேட்டு, வட்டைக்காரரோடு நானும் கந்தோருக்குப் போனேன். வாசலில், வெள்ளைச் சட்டையும் குடையுமாகச் செயலாளர் மாமா. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. "நானும் வரி கட்டுற ஆள்தானே" என்றார்.

உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் பேசினார். மேலிடத்துக்கு அறிவித்தாயிற்றாம், பொறுமையாக இருக்க வேண்டுமாம். தங்கராசா அண்ணன் சொன்னார், "ஐயா, நாங்க பொறுத்ததுக்குத்தான் வட்டையில ஒரு சிலுவை சட்ட போட்டு நிக்கிது." உத்தியோகத்தருக்கு விளங்கவில்லை. அந்தத் தம்பியின் விசயம் கவலைதான், என்ன செய்வது, கடவுளின் செயல் என்று முடிக்கப் பார்த்தார்.

நான் வாயைத் திறக்குமுன் பக்கத்தில் குடை நிலத்தில் தட்டியது.

"இல்ல தம்பி" என்றார் செயலாளர் மாமா. "கரண்ட் இல்ல."

அண்ணா, அந்த இடத்தில் நீ இருந்திருக்க வேண்டும். கல்லில் எழுதவிடாத வரியை மனிசன் வாயால் சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் நான் கட்டிப்பிடித்தேன். "விடு புள்ள, ஆக்கள் பாக்கிறாங்க" என்று குடையை விரித்துக்கொண்டார். வெயில்கூட இல்லை.

வேலிக்கு ஆட்கள் வந்தார்கள். தங்கராசா அண்ணனின் வரம்பு வரைக்கும் கம்பி இழுத்து மின்சாரம் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு அங்கால் உள்ள வட்டைகள் இன்னும் திறந்த வீடுதான். அங்கேயும் ஆட்கள் காவலுக்குப் போகிறார்கள். அங்கேயும் தங்கச்சிமார் படலையில் நிற்கிறார்கள். ஆகவே போய்க்கொண்டே இருக்கப்போகிறோம். வேலி முழுக்கக் கரண்ட் ஓடும்வரைக்கும் அந்தக் கந்தோர் வாசலை நான் விடமாட்டேன். இது வாக்கு. இன்னொரு வாக்கும் உண்டு. ஒவ்வொரு விதைப்புக்கும் முன்னால் உன் சட்டையைக் கழற்றி, தோய்த்து, கிழிசல் தைத்து, திரும்பவும் மாட்டிவிடுவேன். கொலர் அம்மாவின் வேலை.

ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. பொறுமையாக இருங்கள் என்று அந்த உத்தியோகத்தர் சொன்னபோது எனக்குக் கேட்டது உன் துறவியின் குரல். உள்ளதை உள்ளபடி சொல்லப் படிப்பித்த மனிதன், வேளாண்மைக்காரர் உள்ளதைச் சொல்லி எழும்பிய அன்று ஏன் பிரபுக்களின் பக்கம் போனார்? அன்றைக்குச் சிலுவை யார் பக்கம் நின்றது? உன்னிடம் நல்ல மறுமொழி இருக்கிறது என்றாய். நான் இன்னும் படலையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

மறுகா என்றாய். சொல்லு.

உன்னோடு சண்டை முடியாத தங்கச்சி,
கிருபா